தேசம்மாவின் நிலமும் நீ நிறுத்தச் சொன்ன புத்தகமும்

சரவணா,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டாய், நலமாகத்தான் இருக்கிறாய். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே, "அம்மா, அந்தப் புக்கை மறுபடி போட வேணாம்னு பப்ளிஷர்கிட்ட சொல்லிடேன். கல்யாணத்துக்கு முன்னாடி எதுக்கு வீணா டென்ஷன்?" என்றாய். நான் பேசவில்லை. அதையே சரி என்று எடுத்துக்கொண்டு, "எப்படியும் கதைதானேம்மா" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு படூருக்குக் கிளம்பிவிட்டாய். உன்னை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்த உன் அப்பா, "பையன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். செங்கல்பட்டு கோர்ட்டில் என் பாதி வயது கழிந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன், நீ "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை ஒட்டிய கவரில் அனுப்பப் போவதும் இல்லை. நித்யா படிக்கட்டும், அவள் அப்பா படிக்கட்டும், உன் அப்பாவும் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டும். ஏதாவது பத்திரிகையில் கொடுத்தால் போடவும் செய்வார்கள்; அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயப்படாதே, பெயர்களை மாற்றிவிட்டுத்தான் கொடுப்பேன். இப்போது என் தொழிலே அதுதான்.

அன்றைக்குப் பேச்சுவாக்கில் நான் தேசம்மா என்ற பெயரைச் சொன்னபோது, "அந்த வேர்க்கடலை அம்மாவா? அவங்க இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டாய். எனக்கு அதுதான் முதலில் சுட்டது. உனக்கு ஞாபகம் இருப்பது வேர்க்கடலை மட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்போரூரிலிருந்து பஸ் பிடித்து வரும்போது, முந்தானையில் முடிந்து உனக்காக அவள் கொண்டுவந்த கடலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் ஆபீஸ் அறையில் தரையெல்லாம் தோலைப் போட்டுக்கொண்டு தின்பாய். அது எந்த நிலத்தில் விளைந்தது என்று நீ கேட்டதில்லை. சின்னப் பையன், கேட்க வேண்டியதும் இல்லை. இப்போது நீ சின்னப் பையன் இல்லை. சொல்கிறேன், கேள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டு சிவில் கோர்ட்டில் பெண் வக்கீல்கள் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தோம். உன் அப்பா காலையில் கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போவார். நான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நடந்தே கோர்ட்டுக்குப் போவேன். எங்களுக்கு வருகிற கேஸெல்லாம் ஜீவனாம்சம், மிஞ்சிப்போனால் வாடகைத் தகராறு. நிலம் என்றால் ஆண் வக்கீல்களிடம் போய்விடுவார்கள். தேசம்மா மட்டும் நேராக என்னிடம் வந்தாள். ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டதற்கு, "அந்த ரூம்ல நீ ஒருத்திதான் தனியா குந்திகினு இருந்த. மத்தவங்களாண்டெல்லாம் கூட்டம். நமக்கு நேரம் குடுப்பன்னு வந்தேன்" என்றாள். என் திறமையை நம்பி வந்தாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேஸ் சிக்கலானதே இல்லை. திருப்போரூருக்கு உள்ளே ஒரு கிராமம். அவள் புருஷனுக்கும் அவன் தம்பிக்கும் பொதுவாக ஒரு நிலம், ஒரு கிணறு. புருஷன் செத்துப்போனான். கொழுந்தன், அண்ணனுக்கு வாரிசே இல்லாததுபோல, மொத்த நிலத்துக்கும் தான்தான் சொந்தக்காரன் என்று சொல்லி, மனை போட்டு விற்கிற ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டான். அவர் கிணற்றை மூடி, நிலத்தைச் சமன் செய்து, வரிசையாக மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டார். கடற்கரைப் பக்கம் ரோடு அகலமாகப் போகிறது, இந்தப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு கிளம்பியிருந்த நேரம். தேசம்மாவின் பாதியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி நான் வழக்குப் போட்டேன். விற்பனைக்குத் தடை கேட்டேன், கிடைத்தது. எதிர்த்தரப்பு மேலே போய் அந்தத் தடையை உடைத்தது. அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை; கொழுந்தனுக்கு அம்மை; நீதிபதி மாற்றலாகிப் போனார்; புது நீதிபதி வருவதற்கு முன் கோடை விடுமுறை வந்துவிட்டது. இங்கே இத்தனையும் நடக்க, அங்கே மனைகள் விற்றுக்கொண்டே இருந்தன. அந்த மனை விற்றவரின் பெயர் ஏகாம்பரம். உன் மாமனார் ஆகப்போகிறவர்.

அவள் சாட்சிக் கூண்டில் ஏறிய நாளைச் சொல்ல வேண்டும். நான் எழுத ஆரம்பித்தது ஏதோ அருள் வந்து என்று நீ உன் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வாய். அன்றைக்கு வந்தது அருள் இல்லை, ஆத்திரம். எதிர்த்தரப்பு வக்கீல் அவளைப் பார்த்து, "இது உன் நிலம்னு எதை வெச்சும்மா சொல்றே? பட்டா உன் பேர்ல இருக்கா?" என்று கேட்டார். தேசம்மா கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பட்டா இன்னா சார் பட்டா. நான் கண்ணாலம் கட்டிகினு வந்த வருசம் அந்தக் கெணத்துல தூர் வாரனோம். ஆம்பளைங்க பாதில மேல ஏறிட்டாங்க. நான் எறங்கனேன், வயித்துல புள்ளைய வெச்சிகினு. மேல வந்தப்போ எங்கூட்டுக்காரு இன்னா சொன்னாரு தெரியுமா? இனிமே இந்தத் தண்ணி வுன்னுதுடின்னாரு. அவரு சாவறப்போ அந்தத் தண்ணியதான் வாயில வுட்டேன். அந்தக் கெணத்த மூடி மேல கல்லு நட்டு வெச்சிகிறாங்க. நீ இன்னான்னா பட்டா கேட்டுகினு கீற."

நீதிபதி அவள் முடிக்கும்வரை காத்திருந்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "தாவா சொத்தில் எனக்கும் பாத்தியதை உண்டு. பட்டா என் பெயரில் இல்லை" என்றார். டக டக என்று இரண்டு வரி. முடிந்தது. நான் எழுந்து, "யுவர் ஆனர், சாட்சி சொன்னதை முழுசா பதிவு பண்ணணும்" என்றேன். "வழக்குக்கு வேண்டியதைப் பதிவு பண்ணியாச்சு, மேடம்" என்றார். சட்டப்படி அவர் செய்தது தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கிணற்றுக்குள் இறங்கியதும், புருஷன் சொன்னதும், கடைசித் தண்ணீரும் போய்விட்டன. பட்டா இல்லை என்பது மட்டும் பேப்பரில் நின்றது. அவள் வாயாலேயே அவளுக்கு எதிரான சாட்சி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, பழைய டிராஃப்ட் காகிதத்தின் பின்பக்கத்தில் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். சோறு குழைந்துபோனது. நீ அழுதாய். அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள். அப்படித்தான் நான் எழுத்தாளர் ஆனேன். கோர்ட்டில் அது தெரிந்ததும் சீனியர் ஒருவர் பத்துப் பேர் நடுவில், "மேடம் வாதாடறதை விட்டுட்டு வர்ணிக்கப் போயிட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

வழக்குப் போட்டு எட்டு வருஷத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. ஜெயித்தோம். நிலத்தில் பாதி தேசம்மாவுக்குப் பாத்தியப்பட்டது, அதைப் பிரித்து அவள் வசம் ஒப்படைக்க வேண்டும் என்று தெளிவான தீர்ப்பு. வழக்கு நடக்கும்போது யார் வாங்கியிருந்தாலும் அவர்களையும் அது கட்டுப்படுத்தும். நான் வீட்டில் கேசரி கிளறி வைத்தேன், நீ இரண்டு கிண்ணம் சாப்பிட்டாய். பிறகு நிலத்தை ஒப்படைக்க, தீர்ப்பை நிறைவேற்றுகிற கோர்ட் ஊழியரான அமீனாவோடு நானும் தேசம்மாவும் ஒரு ஆட்டோவில் போனோம். அந்த இடத்தில் நிலமே இல்லை. தெருப் பெயர்ப் பலகை இருந்தது. காம்பவுண்டு சுவர்கள் இருந்தன. மாடியில் துணி காய்ந்தது. ஒரு வீட்டிலிருந்து உன் அத்தை வயதுப் பெண் ஒருத்தி, கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். அமீனா காகிதத்தை நீட்டியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், பேங்க் லோன் போட்டுக் கட்டினோம். எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நாங்க எங்க போவோம்?" என்று என்னிடம் கேட்டாள். அவள் கேட்டதும் உண்மை. அவளையும் ஏமாற்றித்தான் விற்றிருந்தார்கள். சுற்றியிருந்த வீட்டுக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். இரண்டு நாளில் மனுப் போட்டுத் தடை வாங்கினார்கள். அந்த மனு இன்றைக்கும் நிலுவையில்தான் இருக்கிறது.

ஆட்டோவில் திரும்பி வரும்போது தேசம்மா கேட்டாள்: "ஜெயிச்சிட்டோம்னு சொன்ன வக்கீலம்மா. எங்க கீது?"

அடுத்த மாதம் என் கேஸ் கட்டுகளையெல்லாம் ஜூனியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். உன் அப்பா, "ஒரு பிரேக் எடுத்துக்கோ" என்றார். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். அம்மா வீட்டில் இருப்பது உனக்கு வசதியாக இருந்தது. நான் நாவல் எழுதினேன். மூன்று தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். அதில் மனை விற்பவருக்குப் பெயர் வைக்கவில்லை. ஏகாம்பரம் கோர்ட்டுக்கு வரும்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் வெள்ளைச் செருப்பு. இடத்தைப் பார்வையிட மழை நாளில் சேற்றில் இறங்கிப் போனபோதுகூட அந்தச் செருப்பில் ஒரு புள்ளி அழுக்கு படவில்லை. எப்படி நடந்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதனால் நாவல் முழுக்க அவர் 'வெள்ளைச் செருப்புக்காரர்'.

புத்தகம் வந்தது. என்ன ஆகும் என்று எதிர்பார்த்தேன் என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. யாராவது ஒருவர் அந்த நிலுவை மனுவைத் தூசி தட்டுவார்கள் என்று நினைத்தேன். செங்கல்பட்டு நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். மண்வாசனை வீசுகிறது என்று ஒருவர் பேசினார். மண்ணே இல்லை என்பதுதான் கதை என்று அவருக்குப் புரியவில்லை. கூட்டம் முடிந்து, ஒரு வாசகர் வந்து, "தீர்ப்பு சாதகமா வந்தும் ஏன் மேடம் சோகமா முடிச்சிட்டீங்க? கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிருக்கலாமே" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம்போல இருந்தது. கோர்ட்டில் அவள் பேச்சைச் சுருக்கினார்கள் என்று கோபப்பட்டு இந்தப் பக்கம் வந்தேன். இந்தப் பக்கம் அதைப் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். இரண்டில் எது மேல் என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. நீ எப்போதாவது ஒரு வேலையை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்: எரிச்சல் நம் கூடவே வந்துவிடும், அதற்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

பிறகு நீ உன் ஆபீஸில் நித்யாவைப் பார்த்தாய். பிடித்துப்போய், எங்களிடம் சொல்லி, எல்லாம் முடிவான பிறகுதான் அவள் அப்பா பெயர் எனக்குத் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை மறுத்தேனா? அந்தப் பெண்ணிடம் முகத்தைத் திருப்பினேனா? ஏகாம்பரம் குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வந்த அன்று, வாசலிலேயே என்னைப் பார்த்துப் பெரிதாகக் கும்பிட்டு, உன் அப்பாவிடம், "அம்மாவும் நானும் எட்டு வருசம் கோர்ட்டுல எதிரும் புதிருமா நின்னவங்க சார். இப்போ சம்பந்தியா ஒரே வரிசையில குந்தப் போறோம். முருகன் செயலப் பாத்தீங்களா?" என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு பழைய ஆட்டம். இரண்டு பக்கமும் நன்றாக ஆடினோம், முடிந்துவிட்டது. அவர் நிஜமாகவே நல்ல தகப்பன். நித்யா தண்ணீர் கேட்பதற்கு முன் எழுந்துபோய் வாங்கி வந்து கொடுத்தார். நான் காபி கொடுத்தேன். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் என்று முடிவானது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் என் பதிப்பாளர் போன் செய்து, ஒரு கல்லூரியில் நாவலைப் பாடமாக வைக்கப் போகிறார்கள், இரண்டாம் பதிப்பு போடலாமா என்று கேட்டார். அதை உன்னிடம் ஆசையாகச் சொன்னேன். நீ ரசம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தச் சொன்னாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து நித்யா வந்தாள், தனியாக, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு. கையில் என் புத்தகம். உள்ளே பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆன்ட்டி, இதுல இருக்கறதெல்லாம் நடந்ததா?"

"தீர்ப்பு நகல் உள்ள இருக்கு. எடுத்துத் தரவா?"

"வேணாம். நீங்களே சொல்லுங்க."

"நடந்ததும்மா."

அவள் டிக்கெட் வைத்த பக்கத்தைத் திறந்து மூடினாள். பிறகு, "அப்பா இப்போ வெள்ளைச் செருப்பு போடறதில்ல ஆன்ட்டி" என்றாள். "இந்தப் புக் வந்த புதுசுல திருப்போரூர்ல அவர் நடந்து போறப்போ யாரோ பின்னாடி இருந்து 'வெள்ளச் செருப்பு'ன்னு கூப்பிட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து கழட்டிப் போட்டவர்தான். அம்மா ஏன்னு கேட்டாங்க, சொல்லல. எனக்கும் இதைப் படிக்கற வரைக்கும் தெரியாது."

நம் வீட்டுக்கு அவர் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரவணா, எட்டு வருஷ வழக்கும் ஒரு தீர்ப்பும் சேர்ந்து அந்த மனுஷனிடமிருந்து ஒரு செங்கல்லைக்கூட வாங்க முடியவில்லை. ஒரு நாவல் அவர் செருப்பைக் கழற்ற வைத்திருக்கிறது. என் எழுத்து இந்த உலகத்தில் சாதித்தது மொத்தமே அதுதான். சிரிப்பதா என்று தெரியவில்லை. எதிரில் நிற்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்தால் சிரிக்கவும் முடியவில்லை.

"நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே இல்ல ஆன்ட்டி. சரவணனா நினைச்சுக்கிட்டது" என்றாள். "ஆனா நிறுத்த வேணாம்னும் என்னால சொல்ல முடியல. அவர் எங்க அப்பா." சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போனாள். நீ யாரைக் காப்பாற்றப் போகிறேன் என்று என்னிடம் வந்து பேசினாயோ, அவள் உன்னைவிட நேராக நின்று பேசினாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் நான் திருப்போரூருக்குப் போனேன். தேசம்மா இப்போது மகளோடு சேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேனே தவிர, நான் நேரில் போகவில்லை. என்ன சொல்வாளோ என்று ஒரு பயம். இப்போது போனதும்கூட, நிறுத்தாதே என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் உன்னிடம் சண்டை போட எனக்குத் தெம்பு வரும் என்றுதான்.

"வா வக்கீலம்மா. இன்னாமா, பாதியா ஆயிட்ட? குந்து. நாஸ்தா துன்றியா?" என்றாள். இலையில் இட்லியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏகாம்பரம் பொண்ணா? நம்ம வேர்க்கடலத் தம்பிக்கா?" கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "பொண்ணு எப்பிடி?"

"நல்ல பொண்ணு."

"அப்போ கட்டி வையி. அது இன்னா பண்ணும், பாவம். அப்பன் மனை போட்டப்போ அது பள்ளிக்கூடம் போய்கினு இருந்த புள்ள."

"புத்தகத்தை நிறுத்தச் சொல்றான், தேசம்மா."

"நிறுத்தாத. ஆனா மாத்து."

கையில் எடுத்த இட்லியை இலையிலேயே வைத்தேன். நீ போதாது என்று இவளுமா? எதை மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"அமீனாவோட போனமே, அந்த எடம். நான் செவுத்த புடிச்சிகினு அழுதன்னு எழுதிகிற. எம்பொண்ணு அத சத்தமாப் படிச்சா, கடையில அத்தினி பேரும் கேட்டுகினு இருந்தாங்க. மானமே பூட்ச்சி. நான் எங்கம்மா அழுதேன்?"

"அழுதீங்களே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தக் காம்பவுண்டு சுவரைப் பிடிச்சிக்கிட்டு..."

"செவுத்த புடிச்சிகினது நீ. கண்ணாடிய கயிட்டி கயிட்டித் தொடச்சிகினு இருந்த. அந்த அமீனா ஓடிப்போயி உனக்கு சோடா வாங்கியாந்து குட்த்தாரு, மறந்துட்டியா? நான் அந்தாண்ட நின்னுகினு கெணறு எங்க இருந்துச்சின்னு கணக்குப் போட்டுகினு இருந்தேன். அந்தக் கரண்டி வெச்சிருந்த பொம்பள வூட்டு சமையக்கட்டுதான். அங்கதான் கெணறு."

நான் விடவில்லை. வக்கீல் புத்தி எங்கே போகும்? அன்றைக்கு வெயில், கூட்டம், அவளுக்கே சரியாக நினைவில்லாமல் இருக்கலாம் என்று வாதாடினேன். கடைசியில் வேறு எதுவும் கிடைக்காமல், "விடுங்க தேசம்மா, அது கதைதானே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"கதைன்னா?" என்று அவள் எழுந்து நின்றாள். "என் கதைய எயிதிட்டு, நான் அழாத அழுவைய அழ வெச்சா அது எப்பிடி என் கதையாவும்? எட்டு வருசம் அந்த ஏகாம்பரம் எதுக்க வந்து நின்னேனே, ஒரு நாளு கண்ணு கலங்கியிருப்பனா? அவன் அதப் படிச்சிட்டு, ஓகோ, இவ அழுதாளான்னு நெனச்சிருப்பானா இல்லியா? அத மாத்து மொதல்ல. மத்ததெல்லாம் இன்னா வேணா வெச்சிக்க."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அந்த சோடா ஞாபகம் வந்துவிட்டது. கோலி சோடா. அமீனா அதை உடைத்துக் கொடுத்ததும், என் கோட்டில் சிந்தியதும். அவள் சொன்னது சரி. அழுதது நான்தான். நாவல் எழுதும்போது ஒரு வக்கீல் அழுவது எனக்கு அழகாகப் படவில்லை. கட்சிக்காரி அழுதால் பொருத்தமாக இருந்தது. அவள் பேச்சைச் சுருக்கினார்கள் என்று கோர்ட்டை விட்டு வந்தவள், என் கண்ணீரைக் கொண்டுபோய் அவள் கண்ணில் வைத்திருக்கிறேன். விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் பாராட்டிய இடமும் அதுவேதான்.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போகிறது. செருப்பின் நிறத்தையாவது மாற்றலாமா என்று நித்யாவுக்காக ஒரு நாள் முழுக்க யோசித்தேன், மாற்றவில்லை. அதை அவளிடம் நானே போனில் சொன்னேன். "சரி ஆன்ட்டி" என்றாள். அவள் அப்பாவிடம் நீ பேச விரும்பினால் பேசு, அல்லது இந்தக் கடிதத்தைக் கொடு. அமீனா வந்த அந்தப் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டேன். இனி அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவது வக்கீல். தேசம்மா தள்ளி நின்று தன் கிணற்றின் இடத்தைக் கண்டுபிடிக்கிறாள். முன்பைவிட அந்த இடம் எனக்கே பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு வருவேன். முன்வரிசையில் ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்காருவேன், போட்டோவுக்குச் சிரிப்பேன், ஒரு வார்த்தை கேஸைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் தேசம்மாவும் வருகிறாள். நான் கூப்பிட்டுவிட்டேன். "அரக்குக் கலர்ல ஒரு பொடவ எடுத்துக் குடு, வரேன். ஏகாம்பரம் மூஞ்சிய பாக்கணும்" என்றிருக்கிறாள். புடவை எடுத்து வைத்துவிட்டேன். நான் கூப்பிட்டது போதாது. அவள் கொடுத்த கடலையைத் தின்று வளர்ந்தவன் நீ. கல்யாணப் பத்திரிகையை நீயும் நித்யாவும் போய்க் கொடுக்க வேண்டும். பைக்கில் உட்கார்ந்தபடி கவரை நீட்டிவிட்டு வந்துவிடாதே. தட்டில் பழமும் பூவும் வைத்து, கடைக்கு உள்ளே போய்க் கொடுங்கள். வியாபாரம் ஓய்ந்த மத்தியான நேரமாகப் போங்கள். அவளுக்கு உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. வைவாள், சிரிப்பாள், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கேட்பாள். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்காதே.

அம்மா